ஐந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு கணக்குத்துறை வேலைக்குத் தன்விவரக் குறிப்பை எப்படி எழுதுவது?

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கணக்குத்துறையில் பணியாற்றுவோரும் ஆள் தேர்வில் அனுபவம் உள்ளவர்களும் இங்கே பலர் இருப்பதால், என் தன்விவரக் குறிப்பைப் பற்றி உங்கள் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

நான் 2013-இல் பி.காம். முடித்தேன். 2014 ஜூன் முதல் 2020 மார்ச் வரை திருப்பூரில் நடுத்தர அளவுள்ள ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன். உதவியாளராகச் சேர்ந்து, பின்னாட்களில் கொள்முதல் பில்கள், ஜாப் ஒர்க் (சரக்கை வெளி யூனிட்டுகளுக்கு அனுப்பி வேலை செய்து வாங்குவது) கணக்கு, ஜிஎஸ்டி படிவங்களுக்கான தரவு ஆகியவற்றை நானே கவனிக்கும் நிலைக்கு வந்தேன். மகள் பிறந்தபோது வேலையை விட்டேன். அதன் பிறகு மாமியாரின் உடல்நிலை காரணமாக வீட்டிலேயே இருக்க வேண்டியதாயிற்று. இப்போது மகள் முதல் வகுப்புக்குச் செல்கிறாள். நாங்களும் கோயம்புத்தூருக்குக் குடிவந்துவிட்டோம். இங்குள்ள பம்பு, மோட்டார், வார்ப்பட நிறுவனங்களில் அக்கவுன்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் பணியிடங்களுக்கு விண்ணப்பித்து வருகிறேன். பெரும்பாலான இடங்களிலிருந்து பதிலே வருவதில்லை.

என் குறிப்பு இப்போது மூன்று பக்கம் இருக்கிறது. முதல் பக்கத்தில் புகைப்படம், பணி இலக்கு, பத்தாம் வகுப்பு முதல் பட்டம் வரையிலான மதிப்பெண் அட்டவணை ஆகியவை உள்ளன. இரண்டாம் பக்கத்தில் பணி அனுபவம் நான்கு வரிகளில் உள்ளது: "டேலியில் பதிவுகள் மேற்கொண்டேன், ஜிஎஸ்டி தொடர்பான வேலைகளைக் கவனித்தேன், வங்கி வேலைகளைச் செய்தேன், மேலாளர் கொடுத்த பிற பணிகளை முடித்தேன்." மூன்றாம் பக்கத்தில் தந்தை பெயர், கணவர் பெயர், மதம், திருமண நிலை, பொழுதுபோக்கு, இறுதியாக உறுதிமொழியும் கையொப்பமும். கல்லூரியில் படித்தபோது கொடுத்த மாதிரியை வைத்தே இதைத் தயாரித்தேன்.

இந்த ஐந்து ஆண்டு இடைவெளியை எங்கே, எந்தச் சொற்களில் குறிப்பிடுவது என்பதுதான் என் முதன்மையான கேள்வி. 2023 ஜூன் முதல் எங்கள் பகுதியிலுள்ள ஒரு ஹார்டுவேர் கடைக்கு வாரத்தில் சில நாட்கள் பில் பதிவு, ஜிஎஸ்டி வேலை ஆகியவற்றைச் செய்து கொடுக்கிறேன். சிறு தொகை தருகிறார்கள். அதைச் சேர்ப்பதா, விடுவதா என்றும் தெரியவில்லை. நான் விலகிய பிறகு வந்த இ-இன்வாய்ஸில் (பில்லை அரசுத் தளத்தில் பதிந்து எண் பெறும் முறை) எனக்கு நேரடிப் பழக்கம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஆலைக்கணக்கு எழுதியது:

சகோதரி, வணக்கம். கோவையில் பம்பு உற்பத்தி செய்யும் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். எங்கள் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது வரும் குறிப்புகளை நான்தான் முதலில் படிப்பேன் என்பதால், படிப்பவனின் இடத்திலிருந்து எழுதுகிறேன்.

நீங்கள் இடைவெளியைப் பற்றியே கவலைப்படுகிறீர்கள். எனக்கோ அந்த நான்கு வரிகளைப் பார்த்ததும்தான் கவலை வந்தது. திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்கை ஆறு ஆண்டுகள் பார்த்தவரின் அறிவு அதில் எங்குமே தெரியவில்லை. "ஜிஎஸ்டி தொடர்பான வேலைகள்" என்று நேற்றுப் படிப்பை முடித்தவரும் எழுதலாம், இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் எழுதலாம். படிக்கும் எனக்கு இருவரையும் பிரித்தறிய வழியில்லை.

உங்கள் பணிக்காலத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது நீங்கள் பணியில் இருந்தீர்கள். அதாவது, தமிழ்நாடு மதிப்புக்கூட்டு வரியின் கீழ் கணக்கு வைத்திருந்த ஒரு நிறுவனம் புதிய முறைக்கு மாறிய மாதங்களை உள்ளிருந்து பார்த்திருக்கிறீர்கள். பழைய வரி வரவைப் புதிய முறைக்குக் கொண்டுவர டிரான்-1 படிவத்துக்கான விவரங்களைத் திரட்டியதில் உங்கள் பங்கு இருந்திருந்தால், அதற்கே ஒரு வரி தேவை. 2018-இல், சரக்கை அனுப்பும்போது எடுக்க வேண்டிய மின்னணுச் சீட்டான இ-வே பில் வந்தது. துணியை நிட்டிங், சாயம், காம்பாக்டிங், பிரின்டிங் என்று வெவ்வேறு ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கு அனுப்பித் திரும்பப் பெறுவதே திருப்பூரின் உற்பத்தி முறை. ஒவ்வொரு அனுப்புகைக்கும் டெலிவரி சலான், அவற்றைத் தொகுத்துத் தாக்கல் செய்யும் ஐடிசி-04 படிவம் என்று அந்தக் கணக்கு தனி உலகம். அதை நீங்கள் கவனித்திருக்கிறீர்கள், ஆனால் குறிப்பில் ஜாப் ஒர்க் என்ற சொல்லே இல்லை.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் விண்ணப்பிக்கும் பம்பு, மோட்டார் நிறுவனங்களும் ஜாப் ஒர்க்கை நம்பியே இயங்குகின்றன. வார்ப்படம் ஓரிடத்தில், மெஷினிங் வேறிடத்தில், பவுடர் கோட்டிங் மற்றோரிடத்தில் என்று பொருள் ஊர் சுற்றி வருகிறது. எந்த யூனிட்டில் எவ்வளவு சரக்கு நிற்கிறது, ஓராண்டுக்குள் திரும்பி வந்ததா, சலானும் கணக்கும் ஒத்துப்போகின்றனவா என்பது எங்களுக்கு ஓயாத வேலை. பின்னலாடைத் துறையிலிருந்து வந்தவருக்கு இயந்திரத் துறை புதிது என்று நினைத்து உங்கள் குறிப்பை ஒதுக்குபவர்கள்கூட, "ஜாப் ஒர்க் சலான் ஒப்பீடு, ஐடிசி-04" என்ற சொற்களைக் கண்டால் நின்று படிப்பார்கள். விளம்பரத்தில் அந்த நிறுவனம் என்ன கேட்கிறது என்பதைப் படித்து, உங்கள் பழைய வேலையில் அதற்கு இணையானது எது என்று கண்டு, அதை மேலே கொண்டுவருவதுதான் விண்ணப்பத்துக்குத் தக்கபடி குறிப்பைத் திருத்துவது என்பதன் பொருள். இல்லாததைச் சேர்க்கச் சொல்லவில்லை. இருப்பதன் வரிசையை மாற்றச் சொல்கிறேன்.

இனி உங்கள் நான்கு வரிகளுக்கு வருகிறேன். குறிப்பை ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள் என்றாலும் பொருள் விளங்கத் தமிழில் தருகிறேன். "ஜிஎஸ்டி தொடர்பான வேலைகளைக் கவனித்தேன்" என்பதற்குப் பதிலாக, "ஜிஎஸ்டிஆர்-1, 3பி படிவங்களுக்கான மாதாந்தரத் தரவைத் தயாரித்தேன், கொள்முதல் பதிவேட்டை 2ஏ அறிக்கையுடன் ஒப்பிட்டு, விடுபட்ட பில்களைச் சரக்கு வழங்கியோரிடம் பேசி ஏற்றச் செய்தேன்" என்று எழுதினால் நீங்கள் எந்த மேசையில் உட்கார்ந்திருந்தீர்கள் என்பது கண்முன் தெரிகிறது. (துறைக்குப் புதியவர்களுக்கு: ஜிஎஸ்டிஆர்-1 விற்பனை விவரப் படிவம், 3பி வரித் தொகுப்புப் படிவம், 2ஏ என்பது சரக்கு வழங்கியோர் ஏற்றிய பில்களின் அறிக்கை.) "வங்கி வேலைகள்" என்பது காசோலையை வங்கியில் போட்டு வருவதா, வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் தயாரிப்பதா, ஏற்றுமதிக்கு முன் வாங்கும் பேக்கிங் கிரெடிட் கடன் கணக்கைப் பார்ப்பதா? மூன்றுக்கும் சம்பளமே வேறு. உங்கள் நிறுவனம் எல்யுடி என்ற உறுதிக்கடிதம் கொடுத்து வரி செலுத்தாமல் ஏற்றுமதி செய்து, தேங்கிய உள்ளீட்டு வரியை ஆர்எஃப்டி-01 படிவம் வழியாகத் திரும்பப் பெற்றிருந்தால், அந்த விண்ணப்பத்துக்கான பில் பட்டியலைத் தயாரித்தவர் யார்? நீங்கள் என்றால் எழுதுங்கள். மேலாளர் தயாரித்து நீங்கள் உதவியிருந்தால் "உதவினேன்" என்றே எழுதுங்கள். அந்த ஒரு சொல்லின் நேர்மையை நேர்காணலில் நாங்கள் கவனிப்போம்.

அளவையும் சொல்லுங்கள். மாதத்துக்கு எத்தனை கொள்முதல் பில், எத்தனை ஜாப் ஒர்க் யூனிட், எத்தனை வங்கிக் கணக்கு என்பவை சிறிய எண்களாக இருந்தாலும் போதும். ஆண்டுகள் கடந்துவிட்டதால் நினைவில்லை என்றால், மார்ச் மாத இறுதியில் கொள்முதல் வவுச்சர் எண் ஏறக்குறைய எங்கே முடியும் என்று பழைய சக ஊழியர் ஒருவரோடு பேசி நினைவுபடுத்திப் பாருங்கள். அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதச் சராசரி கிடைக்கும். "சுமார்" என்று போட்டு எழுதுங்கள். ஆனால் நிறுவனத்தின் விற்றுமுதல், வாடிக்கையாளர் பெயர்கள், விலை விவரங்கள் ஆகியவற்றை எழுத வேண்டாம். பழைய நிறுவனத்தின் இரகசியத்தைக் குறிப்பில் போட்டு அனுப்புகிறவரிடம் எங்கள் இரகசியத்தை ஒப்படைக்க யாருக்கும் மனம் வராது.

மதிப்பெண் அட்டவணை தேவையில்லை. பட்டம், கல்லூரி, ஆண்டு என்று ஒரே வரி, அதுவும் பணி அனுபவத்துக்குக் கீழே.

ஆள்தேர்வு எழுதியது:

வணக்கம். மேலே நண்பர் உள்ளடக்கத்தைப் பற்றி எழுதியதுடன் முழுவதும் உடன்படுகிறேன். நான் நிறுவனங்களுக்கு ஆள் தேடித் தரும் பணியில் இருப்பதால், குறிப்பு அவர் மேசைக்குப் போய்ச் சேருவதற்கு முன் என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

நௌக்ரி, லிங்க்ட்இன் போன்ற தளங்களில் நாங்கள் சொற்களைக் கொடுத்துத் தேடுகிறோம். "டேலி பிரைம்", "ஜிஎஸ்டிஆர்-3பி", "டிடிஎஸ்", "வங்கிச் சரிக்கட்டல்" என்று தேடும்போது அந்தச் சொற்கள் உங்கள் குறிப்பில் இல்லாவிட்டால் நீங்கள் பட்டியலிலேயே வரமாட்டீர்கள். பெரிய நிறுவனங்கள் வரும் குறிப்புகளை ஏடிஎஸ் எனப்படும் மென்பொருளில் ஏற்றிப் பிரித்தெடுக்கின்றன. இரண்டு பத்தியாகப் பிரித்த அழகு வடிவங்கள், அட்டவணைக்குள் எழுதிய அனுபவம், பக்கத்தின் மேல்விளிம்பில் போட்ட கைப்பேசி எண் ஆகியவற்றைச் சில மென்பொருள்கள் குழப்பிக்கொள்ளும் அல்லது தவறவிடும். இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. உங்கள் பிடிஎஃப் கோப்பைத் திறந்து, எல்லா எழுத்தையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். அங்கே வரிசை குலையாமல் படிக்க முடிந்தால் பெரும்பாலும் மென்பொருளாலும் படிக்க முடியும். படமாக ஸ்கேன் செய்த குறிப்பை ஒருபோதும் அனுப்பாதீர்கள்.

மூன்றாம் பக்கத்தை முழுவதும் எடுத்துவிடுங்கள். தந்தை பெயர், மதம், திருமண நிலை ஆகியவை தனியார் நிறுவன வேலைக்குத் தேவையற்றவை. அரசுப் பணிக்கும் வங்கித் தேர்வுக்கும் அவரவர் கேட்கும் படிவம் வேறு. அங்கே கேட்டதை நிரப்பத்தான் வேண்டும். உறுதிமொழியும் கையொப்பமும் இல்லை என்பதற்காக எந்தத் தனியார் நிறுவனமும் குறிப்பைத் தள்ளியதை நான் பார்த்ததில்லை. புகைப்படமும் வேண்டாம். பான், ஆதார் எண்களைக் குறிப்பில் போடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது ஆபத்தானது, ஏனெனில் உங்கள் குறிப்பு யார் யார் கைக்குப் போகிறது என்பது உங்களுக்குத் தெரியாது. வேலை உறுதி என்று சொல்லிப் பதிவுக் கட்டணம் கேட்பவர்களுக்கும் அதே குறிப்புதான் போய்ச் சேருகிறது. முழு முகவரிக்குப் பதிலாகப் பகுதியின் பெயரை எழுதினால் போதும். கோவையில் அது பயனுள்ளதும்கூட: மலுமிச்சம்பட்டியிலோ அரசூரிலோ இருக்கும் ஆலை, நீங்கள் தினமும் வந்து போக முடியுமா என்று முதலில் அதைத்தான் பார்க்கும்.

இடைவெளி பற்றி ஓர் எச்சரிக்கை. பணி விலகிய மாதத்தைச் சற்றுத் தள்ளிப் போட்டு இடைவெளியைக் குறைத்துக் காட்டும்படி சிலர் அறிவுரை சொல்வார்கள். கேட்காதீர்கள். வருங்கால வைப்பு நிதிக்கான யுஏஎன் எண்ணில் நீங்கள் சேர்ந்த நாளும் விலகிய நாளும் பதிவாகியிருக்கும். பின்புலச் சரிபார்ப்பில் அதைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். விண்ணப்பிக்கும் முன் வைப்பு நிதி அமைப்பான இபிஎஃப்ஓ தளத்தில் உங்கள் பணி வரலாற்றைத் திறந்து, அங்கே உள்ள தேதிகளும் உங்கள் குறிப்பில் உள்ள தேதிகளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய நிறுவனம் விலகிய தேதியைப் பதிவேற்றாமலே விட்டிருந்தால் இப்போதே சரிசெய்துகொள்வது நல்லது.

இடைவெளிக்கான காரணத்தைக் குறிப்பில் எழுத வேண்டாம் என்பதே என் கருத்து. மின்னஞ்சலில் ஒரு வரி எழுதினால் போதும். குறிப்பு பணியைப் பற்றியதாக மட்டும் இருக்கட்டும்.

மீண்டும்பணியில் எழுதியது:

அன்புத் தோழிக்கு, நானும் குழந்தைக்காக வேலையை விட்டுப் பிறகு திரும்பி வந்தவள். ஆள்தேர்வு நண்பர் சொன்னவற்றில் கடைசிப் பத்தியோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. மின்னஞ்சலும் குறிப்பும் எப்போதும் ஒன்றாகப் பயணம் செய்வதில்லை. ஆள் தேடித் தருபவர் குறிப்பை மட்டும் தரவிறக்கி நிறுவனத்துக்கு அனுப்புகிறார். அங்கே ஒருவர் அச்செடுத்து மேலாளரிடம் கொடுக்கிறார். விளக்கம் இல்லாத வெற்றிடத்தைப் பார்ப்பவர் தமக்குத் தோன்றியதை எண்ணிக்கொள்வார். ஆகவே குறிப்பிலேயே, காலவரிசையில் அது வர வேண்டிய இடத்திலேயே, ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

ஆனால் அதற்கு முன் உங்கள் கணக்கைத் திருத்த வேண்டும். இந்தத் திரிக்குத் தலைப்பு வைக்கும்போதே "ஐந்து ஆண்டு இடைவெளி" என்று எழுதிவிட்டீர்கள். 2023 ஜூன் முதல் ஒரு கடையின் கணக்கைப் பார்க்கிறீர்கள், அதற்குப் பணமும் பெறுகிறீர்கள். அப்படியானால் உங்கள் இடைவெளி 2020 ஏப்ரல் முதல் 2023 மே வரை, மூன்று ஆண்டுகளுக்குச் சற்று மேல். அதன் பிறகு நீங்கள் பகுதிநேரக் கணக்கர். வாரத்தில் சில நாட்கள் என்பதாலும் தொகை சிறியது என்பதாலும் அது வேலை இல்லை என்று ஆகிவிடாது. பெண்களாகிய நாம் வீட்டைப் பார்த்துக்கொண்டே செய்யும் வேலையை நாமே வேலை என்று எண்ணாமல் விட்டுவிடுகிறோம். குறிப்பைப் படிப்பவர் நமக்காக எண்ணிக்கொள்ளப் போவதில்லை.

அந்தக் கடையின் வேலையை மேலும் உற்றுப் பாருங்கள். நீங்கள் திருப்பூர் வேலையை விட்ட சில மாதங்களிலேயே நம் துறையில் நிறைய மாறியது. 2020 ஆகஸ்டில் 2பி அறிக்கை (சரக்கு வழங்கியோர் ஏற்றிய பில்களின்படி நமக்குரிய உள்ளீட்டு வரியைக் காட்டுவது) முதன்முதலாக வந்தது, அக்டோபரில் பெரிய நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸ் வந்தது, நவம்பரில் டேலி கணக்கு மென்பொருளின் புதிய பதிப்பான டேலி பிரைம் வந்தது. 2022 ஜனவரி முதல் 2பி-யில் இருக்கும் உள்ளீட்டு வரியை மட்டுமே எடுக்க முடியும் என்றாயிற்று. 2024 அக்டோபர் முதல் பில்களை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் ஐஎம்எஸ் வசதி வந்துள்ளது. 2025 செப்டம்பர் 22-இல் வரி விகிதங்களே மாறின. இவற்றில் எவற்றையெல்லாம் அந்தக் கடைக்காக நீங்கள் செய்தீர்கள்? விகிதம் மாறிய அன்று கையிருப்புச் சரக்குக்கும் பில் முறைக்கும் டேலியில் மாற்றம் செய்தவர் நீங்கள்தானே? அப்படியானால் "இவருக்குப் பழைய முறைதான் தெரியும்" என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் குறிப்பில் முதலில் வர வேண்டிய பணியே அதுதான்.

எனக்குத் தெரிந்தவரை இடைவெளி வரிக்கு நீண்ட விளக்கமோ மன்னிப்புக் கோரும் தொனியோ வேண்டாம். "2020 ஏப்ரல் – 2023 மே: குடும்பப் பொறுப்பு காரணமாகப் பணி இடைவெளி" என்பதோடு நிறுத்துங்கள். மாமியாரின் உடல்நிலை, மகளின் வயது ஆகியவை உங்கள் குடும்பத்துக்குரியவை.

ஆள்தேர்வு எழுதியது:

தோழி சொன்னது சரியே. குறிப்பு தனியாகப் பயணம் செய்கிறது என்ற காரணத்தை ஏற்கிறேன், அந்த ஒரு வரி குறிப்பில் இருக்கட்டும். கடைப் பணியைச் சேர்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பொதுவாக இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்கே வைப்பு நிதிச் சட்டம் பொருந்தும் என்பதால், சிறிய கடைப் பணி உங்கள் யுஏஎன் வரலாற்றில் வராது. ஆகவே கடையின் பெயர் அச்சிட்ட தாளில், எந்த மாதம் முதல் என்ன வேலை செய்கிறீர்கள் என்று உரிமையாளரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொகையை வங்கிக் கணக்கிலோ யுபிஐ வழியாகவோ தந்திருந்தால் அந்தப் பதிவும் சான்றாகும். இவற்றைக் குறிப்போடு அனுப்ப வேண்டியதில்லை. கேட்கும்போது காட்டினால் போதும்.

நொய்யல்கரை எழுதியது:

இவ்வளவு அக்கறையோடு எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கடை வேலையை வேலை என்றே நான் எண்ணாமல் இருந்தேன் என்பதைத் தோழியின் பதிலைப் படித்தபோதுதான் உணர்ந்தேன். விகித மாற்றத்தின்போது டேலியில் பொருள் வாரியாக மாற்றியது நான்தான். கடை காலாண்டு முறையில் உள்ளது. காலாண்டுக்கு ஒருமுறை படிவங்கள், இடைப்பட்ட மாதங்களில் பிஎம்டி-06 சலான் வழியாக வரி செலுத்துதல், 2பி ஒப்பீடு ஆகியவற்றையும் நானே செய்கிறேன்.

குறிப்பின் தொடக்கத்தை இப்படி மாற்றியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"உற்பத்தி, ஏற்றுமதி, சில்லறை வணிகம் ஆகியவற்றில் எட்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவமுள்ள கணக்கர். கொள்முதல் கணக்கு, ஜாப் ஒர்க் சலான் ஒப்பீடு, ஐடிசி-04, ஜிஎஸ்டி படிவங்கள், 2பி ஒப்பீடு, வங்கிச் சரிக்கட்டல் ஆகியவற்றில் நேரடிப் பயிற்சி. டேலி பிரைம், எக்செல், இ-இன்வாய்ஸ் ஆகியவற்றில் நிபுணத்துவம். கடின உழைப்பும் குழுவாகப் பணியாற்றும் பண்பும் உடையவர்."

இ-இன்வாய்ஸ் பெரும்பாலான விளம்பரங்களில் கேட்கப்படுவதால் சேர்த்தேன். டேலி பிரைமில் செய்யும் முறையைக் காணொளிகளில் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

ஆலைக்கணக்கு எழுதியது:

சகோதரி, முதல் இரண்டு வாக்கியங்கள் நன்றாக வந்திருக்கின்றன. இந்தக் குறிப்பு என் மேசைக்கு வந்தால் அடுத்த வரியையும் படிப்பேன். முதல் வாக்கியத்தில் ஒன்றைத் தெளிவாக்குங்கள்: எட்டு ஆண்டுகளில் முழுநேரம் எவ்வளவு, பகுதிநேரம் எவ்வளவு என்று பிரித்து, "ஏறக்குறைய ஆறு ஆண்டு முழுநேர அனுபவமும் 2023 முதல் பகுதிநேர அனுபவமும்" என்று எழுதுங்கள். கீழே தேதிகளைப் பார்த்து நாங்களே கூட்டிப் பார்ப்போம். மேலே உள்ள எண்ணும் கீழே உள்ள தேதிகளும் பொருந்தாவிட்டால் ஐயம் வரும். கணக்கர் வேலைக்கு விண்ணப்பிப்பவரின் கூட்டல் தவறுவது மற்ற எவருடைய கூட்டல் தவறுவதையும்விடக் கூடுதலாக உறுத்தும்.

இ-இன்வாய்ஸை "நிபுணத்துவம்" என்ற வரியிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கே 2023 ஆகஸ்டு முதல் அது கட்டாயம். உங்கள் கடைக்கு அது பொருந்தாததால் நீங்கள் செய்ததில்லை. இதில் குறைவு எதுவும் இல்லை. ஆனால் நேர்காணலில் "ஐஆர்என் என்ற இ-இன்வாய்ஸ் எண் எடுத்த பில்லில் தவறு கண்டால் எத்தனை மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம், அதற்குப் பிறகு என்ன செய்வீர்கள்" என்று கேட்பேன். தினமும் செய்பவர் இருபத்து நான்கு மணி நேரம் என்றும், அது கடந்தால் கிரெடிட் நோட் என்றும் உடனே சொல்லிவிடுவார். நீங்கள் தடுமாறினால், உண்மையாகவே உங்களுக்குத் தெரிந்த ஐடிசி-04-ஐயும் நான் சந்தேகிக்கத் தொடங்கிவிடுவேன். இழப்பு அங்கேதான் நேரிடும். "இ-இன்வாய்ஸ்: டேலி பிரைமில் நடைமுறை கற்றுள்ளேன், நேரடிப் பணி அனுபவம் இல்லை" என்று தனியாக எழுதுங்கள். இதைக் கற்றுக்கொடுக்க எங்களுக்கு ஒரு வாரம் போதும். ஜாப் ஒர்க் கணக்கைக் கற்றுக்கொடுக்கத்தான் ஆண்டு பிடிக்கும்.

எக்செல் என்று மட்டும் எழுதினால் எதுவும் விளங்காது. எங்கள் நிறுவனத்தில் கொள்முதல் பதிவேட்டையும் 2பி-யையும் இரண்டு தாள்களாகக் கொடுத்து, பொருந்தாத பில்களைக் கண்டுபிடிக்கச் சொல்வோம். விலுக்கப், பிவட் டேபிள் ஆகியவற்றைக் கொண்டு இதைச் செய்வீர்கள் என்றால் அந்தப் பெயர்களையே எழுதுங்கள். ஒரே பில் எண் ஓரிடத்தில் சாய்கோட்டோடும் மற்றோரிடத்தில் கோடில்லாமலும் இருந்தால் எப்படிப் பொருத்துவீர்கள் என்பதையும் யோசித்து வையுங்கள். அதை நான் எப்போதும் கேட்பேன்.

கடைசி வாக்கியம் தேவையில்லை. கடின உழைப்பு என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த இடத்தில் நீங்கள் எப்போது பணியில் சேர முடியும் என்பதை எழுதினால் எங்களுக்குப் பயன்படும்.

மீண்டும்பணியில் எழுதியது:

தோழி, இரண்டு பக்கத்துக்குள் வந்துவிட்டதா? வந்துவிட்டால் பிடிஎஃப் ஆக மாற்றி, கோப்புக்கு உங்கள் பெயரும் "கணக்கர்" என்ற சொல்லும் வரும்படி பெயர் வையுங்கள். "புதிய ரெஸ்யூம் ஃபைனல் 2" என்ற பெயரோடு வரும் கோப்பைப் பெறுபவர் பிறகு தேடிக் கண்டுபிடிக்க முடியாது. திருப்பூரில் உங்களுக்கு மேலாளராக இருந்தவரிடம் பேசி, யாரேனும் அழைத்தால் உங்களைப் பற்றிச் சொல்ல ஒப்புக்கொள்கிறாரா என்றும் கேட்டு வையுங்கள். அவருடைய பெயரையும் எண்ணையும் குறிப்பில் போட வேண்டாம். நேர்காணலுக்குப் பிறகு கேட்டால் கொடுங்கள்.

நொய்யல்கரை எழுதியது:

ஒன்றரைப் பக்கத்தில் வந்துவிட்டது. நோட்பேடில் ஒட்டிப் பார்த்தேன், வரிசை குலையவில்லை. இபிஎஃப்ஓ தளத்தில் என் விலகிய தேதி 2020 மார்ச் 31 என்றே சரியாக உள்ளது. இ-இன்வாய்ஸ் வரியையும் அனுபவ ஆண்டுகளையும் நீங்கள் சொன்னபடி திருத்திவிட்டேன். கடை உரிமையாளர் கடிதம் தர ஒப்புக்கொண்டார். ஜாப் ஒர்க் அனுபவம் கேட்டு மலுமிச்சம்பட்டியில் உள்ள ஒரு மோட்டார் உதிரிபாக நிறுவனம் விளம்பரம் கொடுத்திருக்கிறது. ஐடிசி-04 வரியை முதலில் வைத்து, இன்று மாலை அவர்களுக்கு அனுப்புகிறேன்.